மண்ணில் எழுதிய உயில்

ஒரு பதுங்குகுழி. உள்ளே மூன்று சிப்பாய்கள். ஒருவருக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். கிறிஸ்துவக் குடும்பம். இன்னொருவர் லப்பைக்குடிகாடு, முஸ்லிம். மூன்றாமவர் பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடி. வேப்பந்தட்டை தாலுகா. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு ரயில் ஏறியவர். மூன்றுமே பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஊர்கள்தாம். ஆகவே நண்பர்கள்.

ஒரு குண்டு வந்து விழுகிறது. மூவரும் பிழைக்கமாட்டார்கள். பக்கத்தில் அடிபடாத சகாக்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சொல்லிவைத்தாற்போல மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சாகிறார்கள். "ஊர்ல நான் வாங்கின நிலமும் பேங்க்ல இருக்கற பணமும் என் பொண்டாட்டிக்கு."

பயப்படாதீர்கள், கற்பனைதான். ஆனால் கேள்வி கற்பனை இல்லை. எழுதாத, கையெழுத்தில்லாத, சாகும்போது சொன்ன அந்த வார்த்தை செல்லுமா?

ஏலாக்குறிச்சிக்காரர் சொன்னது செல்லும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவுகள் 65, 66. நேரடியாக அவருக்காகவே எழுதினதுபோல இருக்கும். லப்பைக்குடிகாட்டுக்காரருக்கு அந்தப் பிரிவுகள் பொருந்தாது. அவருக்கு ஷரீஅத். அதில் வாய்மொழி உயிலுக்குத் தடையே இல்லை. ஆனால் கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எழுத முடியாது. அதுவும் மனைவி ஏற்கெனவே வாரிசு என்பதால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் அவளுக்கு உயில் மூலம் கூடுதலாகத் தர முடியாது.

பூலாம்பாடிக்காரர்?

அவர் விஷயம்தான் சிக்கல். சட்டப் புத்தகத்தில் அவருக்கான இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. யார் தோண்டினார்கள், எப்போது தோண்டினார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், சிப்பாய்க்கு மட்டும் தனியாக ஓர் உயில் சட்டம் எதற்கு வந்தது என்று பார்த்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் தூரம் போகவேண்டும். ரோமாபுரிவரைக்கும்.

உயில் என்கிற சமாசாரத்தில் ரோமானியர்கள் பெரிய ஆசாரக்காரர்கள். முகூர்த்தம் பார்க்காத குறைதான். ஏழு சாட்சிகள் வேண்டும், அவர்கள் முத்திரை வேண்டும், வாரிசை இன்ன விதமாகத்தான் குறிப்பிட வேண்டும் என்று வரிசையாக விதிகள். ஒன்று பிசகினாலும் உயில் காலி. இதெல்லாம் ஊரில் உட்கார்ந்திருக்கிற செனட்டருக்குச் சரி. ஜெர்மானியக் காட்டில் ஈட்டியோடு நிற்கிறவன் ஏழு சாட்சிக்கு எங்கே போவான்?

முதலில் ஜூலியஸ் சீஸர் ஒரு சலுகை கொடுத்தார், தாற்காலிகமாக. பிறகு டைட்டஸ், டொமிஷியன், நெர்வா, ட்ராஜன் என்று வரிசையாகப் பேரரசர்கள் அதை நீட்டித்து நிரந்தரமாக்கினார்கள். சிப்பாய் எப்படி விரும்புகிறானோ அப்படி எழுதலாம். எழுதாமலும் சொல்லலாம். விருப்பம் தெளிவாகத் தெரிந்தால் போதும். அதற்கு ரோமானிய வக்கீல்கள் சொன்ன காரணம்தான் வேடிக்கை. சிப்பாய்களுக்குச் சட்டம் தெரியாது, பாவம், அப்பாவிகள்.

கி.பி. 334-ல் கான்ஸ்டன்டைன் இன்னும் ஒருபடி மேலே போனார். போர்க்களத்தில் சாகும் தறுவாயில் ஒரு வீரன் தன் ரத்தத்தால் கேடயத்திலோ வாளின் உறையிலோ எழுதினாலும் சரி, வாளால் மண்ணில் கிறினாலும் சரி, அது உயில்தான் என்று ஆணையிட்டார். மண்ணில் எழுதினதை எப்படிக் கோர்ட்டுக்கு எடுத்துப் போவார்கள் என்று கேட்காதீர்கள். ஆணையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ட்ராஜன் மட்டும் இதில் ஒரு ஆபத்தைப் பார்த்தார். ராணுவ முகாமில், ராத்திரி, மது. ஒருத்தன் இன்னொருத்தன் தோளில் கைபோட்டு "என் சொத்தெல்லாம் உனக்குத்தாண்டா" என்கிறான். இது உயிலா? இல்லை என்று சொல்லிவிட்டார். பேச்சுவாக்கில் சொன்னதெல்லாம் உயில் என்றால், ஒரு சிப்பாய் செத்ததுமே "என்கிட்ட சொன்னாரு, என் காதால கேட்டேன்" என்று நாலு பேர் கிளம்பிவிடுவார்கள், அவன் உண்மையாக என்ன நினைத்தான் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும் என்பது அவர் வாதம். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் ட்ராஜன் உட்கார்ந்து பார்த்திருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ரோமானிய சிப்பாயின் உயில் ஒன்று நமக்குக் கிடைத்தும் இருக்கிறது. எகிப்தில் இருந்த ஒரு குதிரைப்படை வீரன், பெயர் அந்தோனியஸ் சில்வானஸ். கி.பி. 142-ல், மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதினது. ராணுவத்தில் சேர்த்தது, வீட்டுச் சொத்து எல்லாவற்றுக்கும் மகன்தான் வாரிசு என்கிறான். மகன் சின்னப் பையன். ஆகவே அவன் பெரியவனாகும்வரை சொத்தை அவன் அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்குத் தனியாக 500 தினாரி. குரோனியோ என்கிற அடிமை, கணக்கை ஒழுங்காக ஒப்படைத்தால் அவனுக்கு விடுதலை.

ஒன்றைக் கவனித்தீர்களா? "என் மனைவி" என்று அவன் எழுதவில்லை. "என் வாரிசின் தாய்" என்றுதான் எழுதுகிறான். காரணம், அந்தக் காலத்து ரோமானிய சிப்பாய் பணியில் இருக்கும்வரை சட்டப்படி கல்யாணமே செய்துகொள்ள முடியாது. குடும்பம் இருக்கும். சட்டத்துக்கு அது தெரியாது. அந்தப் பலகைகளை எழுதாமல் அவன் செத்திருந்தால் அந்தப் பெண் யாரோ ஒருத்தி. எழுதினதால் 500 தினாரியும், மகன் சொத்தைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவளுக்கு.

இன்னொரு ரோமானியச் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் பூலாம்பாடிக்குத் தேவைப்படும். ரோமில் அப்பா உயிரோடு இருக்கும்வரை மகன் பெயரில் சொத்து கிடையாது. ஐம்பது வயது மகன் சம்பாதித்தாலும் அப்பாவுக்குத்தான். ஒரே விதிவிலக்கு, பட்டாளத்தில் சம்பாதித்தது. அதை மகன் தன் இஷ்டப்படி உயில் எழுதலாம் என்று அகஸ்டஸ் காலத்திலேயே அனுமதித்துவிட்டார்கள். நம் தர்மசாஸ்திரக்காரர்களும் அச்சு அசலாக இதையேதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆனால் 'சௌரிய தனம்', அதாவது வீரத்தால் சம்பாதித்தது, அண்ணன் தம்பிகள் பாகம் கேட்க முடியாத தனிச் சொத்து. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று ஆராயத் தேவையில்லை. உயிரைப் பணயம் வைத்தவனிடம் போய்ப் பங்கு கேட்க இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கூச்சமாக இருந்திருக்கிறது.

ரோமிலிருந்து இந்தச் சலுகை இங்கிலாந்துக்குப் போனது. 1677-ல் உயில் விதிகளைக் கடுமையாக்கி ஒரு சட்டம் போட்டபோது, போரில் இருக்கும் சிப்பாயும் கடலில் இருக்கும் மாலுமியும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே என்று ஒரு வரி சேர்த்தார்கள். 1837-ல் புதிய உயில் சட்டம் வந்தபோதும் அந்த வரி தப்பித்தது. முதல் உலகப்போரில் அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. இருபத்தொரு வயதுகூட ஆகாத ஓர் அதிகாரி தனக்கு நிச்சயமான பெண்ணிடம், குண்டு பட்டுச் செத்தால் என்னுடையதெல்லாம் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் திரும்பவில்லை. கோர்ட்டில் அது உயிலாக ஏற்கப்பட்டது. அதே போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் சம்பளப் புத்தகத்திலேயே உயில் எழுத ஒரு பக்கம் இருந்தது. இறந்தவர்களின் சட்டைப் பையிலிருந்து எடுத்த அந்த மாதிரிச் சின்னச் சின்ன உயில்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 2013-ல் எல்லாவற்றையும் படம்பிடித்து இணையத்தில் வைத்துவிட்டார்கள்.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

1865-ல் வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் ஒரு வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். சிப்பாயின் விசேஷ உயில் அதில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஐரோப்பியர்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும்தான் முக்கியமாக. இந்துக்களுக்கு இல்லை. ஐந்து வருஷம் கழித்து, 1870-ல், இந்து உயில் சட்டம் வந்தது. 1865 சட்டத்திலிருந்து சில பிரிவுகளைப் பொறுக்கி எடுத்து, இவை இந்துக்களுக்கும் பொருந்தும் என்றார்கள். அந்தப் பொறுக்கலில் சிப்பாய் உயில் பிரிவுகள் விடுபட்டுப் போயின.

மறந்துவிட்டார்களா, வேண்டுமென்று விட்டார்களா? என் ஊகத்தைச் சொல்கிறேன். 1870 சட்டம் வங்காளத்துக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும் போடப்பட்டது. சொத்துள்ள நகரவாசிகளையும் ஜமீன்தார்களையும் மனத்தில் வைத்து எழுதினது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகிற சாதி இல்லை. பட்டாளத்துக்குப் போகிற ஊர்களிலோ அந்தச் சட்டமே இல்லை.

அதனால் ஒரு தமாஷ் நடந்தது. பூலாம்பாடி இருந்த திருச்சி ஜில்லாவுக்கு 1870 சட்டம் வராததால், அங்கே ஓர் இந்து உயில் எழுத எந்தச் சடங்கும் தேவைப்படவில்லை. எழுதவே தேவையில்லை. திண்ணையில் படுத்துக்கொண்டு வாயால் சொன்னாலும் உயில்தான். நிரூபிக்க முடிய வேண்டும், அவ்வளவே. ஆக, பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் வீரர்களுக்குக் கொடுத்த சலுகை, பூலாம்பாடியில் ஆடு மேய்க்கிறவருக்கும் இருந்தது. 1926 டிசம்பர் 31 வரைக்கும்.

1916-ல் பூலாம்பாடி இளைஞர் ஒருவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து மெசபடோமியாவுக்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டைகிரிஸ் நதியைப் படைகள் கடப்பதற்கு உழைத்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸும் உண்டு. முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து கிட்டத்தட்ட 13 லட்சம் பேர் போனார்கள். 70,000-க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. இராக்கில் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000 பேருக்கு மேல் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அங்கே பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் பொறித்தார்கள். இந்தியச் சாதாரண சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். இன்ன ரெஜிமென்ட், இத்தனை பேர். நம் பூலாம்பாடிக்காரர் அங்கே ஓர் எண்ணுக்குள் இருக்கிறார் என்று வையுங்கள்.

ஊரில் என்ன ஆகும்?

வாய்மொழி உயில் செல்லும் என்றேன் அல்லவா? செல்லும், அவருடைய தனிச் சொத்துக்கு. பூர்வீக நிலத்தில் அவர் பங்கு? அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரிக்காத நிலம் என்றால் அதை உயிலில் எழுதவே முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1874-லேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. உயிர் பிரிந்த கணத்தில் அந்தப் பங்கு உயிரோடு இருக்கும் பங்காளிகளுக்குத் தானாகப் போய்விடும். ஆண் பிள்ளை இருந்தால் அவன் அப்பா இடத்தில் நிற்பான். இல்லாவிட்டால் கொழுந்தன்மார்களுக்கு. மனைவிக்கு? சோறும் துணியும். ஜீவனாம்சம் என்று மரியாதையாகச் சொல்வார்கள். மாமியார் வீட்டில் ஒரு மூலையில் இருக்கலாம்.

சௌரிய தனம்? பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. நடைமுறையில் மணியார்டரில் வந்த சம்பளமெல்லாம் வீட்டுக் கிணறு வெட்டவும் தங்கை கல்யாணத்துக்கும் போயிருக்கும். பொதுவில் கலந்துவிட்ட பணத்தை அதற்குமேல் தனிப்பணம் என்று யார் பிரித்துக் காட்டுவது? போதாக்குறைக்கு 1921-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. குடும்பப் பணத்தில் படித்து ஐ.சி.எஸ். ஆன ஒருவரின் சம்பளம் குடும்பச் சொத்துதான் என்று. கலெக்டர் சம்பளத்துக்கே அந்தக் கதி. நாடு முழுக்கப் படித்தவர்கள் அலறி, 1930-ல் தனிச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். கல்வியாலும் தொழிற்பயிற்சியாலும் சம்பாதித்தது சம்பாதித்தவனுக்கே என்று ஆனது.

1937-ல் விதவைக்கு ஒரு மகனுக்குரிய பங்கு என்று சட்டம் வந்தது, அனுபவிக்கலாம், விற்க முடியாது என்கிற நிபந்தனையோடு. அதிலும் விவசாய நிலம் சேராது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட, சென்னை மாகாணம் 1947-ல்தான் நிலத்துக்கும் சேர்த்துச் சட்டம் போட்டது. அதாவது இரண்டாம் உலகப்போரும் முடிந்த பிறகு! 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம். மனைவி முழு உரிமையுள்ள வாரிசானாள். பாகம் பிரிக்காத பங்கையும் உயில் எழுதலாம் என்று 30-ஆம் பிரிவு சொன்னது.

நல்ல விஷயங்கள் வந்துகொண்டிருந்தபோதே ஒரு கதவு சாத்தப்பட்டதைச் சொல்ல விட்டுவிட்டேன். 1925 சட்டத்தைத் திருத்தி, 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எங்கே எழுதும் உயிலாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 63-ஆம் பிரிவு. நியாயமான சட்டம்தான். திண்ணை உயில்களின் காலம் முடிந்தது. ஆனால் அதே சட்டத்தில், இரண்டு பிரிவு தள்ளி, 65-லும் 66-லும் இருந்த சிப்பாய் உயிலை மட்டும் இந்துக்களுக்குப் பொருந்தும் பட்டியலில் சேர்க்கவில்லை. 1870-ல் விட்டதை அப்படியே விட்டார்கள். மூன்றாவது அட்டவணை என்று பெயர். சீக்கியர், பௌத்தர், சமணருக்கும் அதே அட்டவணைதான். சீக்கியர்! இந்திய ராணுவத்தில் சீக்கியச் சிப்பாய்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதுதான் முதலில் சொன்ன பள்ளம். 65-ஆம் பிரிவு சொல்வது அழகான சமாசாரம். படையெடுப்பிலோ நேரடிப் போரிலோ இருக்கும் சிப்பாய், விமானப் படைவீரர், கடலில் இருக்கும் மாலுமி, பதினெட்டு வயது முடிந்திருந்தால் போதும். தன் கையால் எழுதினால் கையெழுத்துகூட வேண்டாம். வாயால் சொன்னால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும். பிழைத்து, போரிலிருந்து திரும்பிவிட்டால் ஒரு மாதத்தில் அந்த வாய்மொழி உயில் காலாவதி. கலகக்காரர்களை எதிர்த்துக் களத்தில் நிற்கும் சிப்பாயும் போரில் இருப்பவர்தான் என்று உதாரணம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் யோசித்து எழுதினவர்கள் பூலாம்பாடியை யோசிக்கவில்லை.

ஒரு சந்து இருக்கிறது. 63-ஆம் பிரிவு ஆரம்பிக்கும்போதே, போரில் இருக்கும் சிப்பாய் அல்லாத ஒவ்வொருவரும் இப்படி எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறது. 63 இந்துக்களுக்குப் பொருந்தும். ஆக, போரில் இருக்கும் இந்து சிப்பாய்க்கு 63-ன் கட்டுப்பாடு இல்லை. 65-ன் சலுகையும் இல்லை. அப்படியானால் அவருக்குப் பழைய இந்து சட்டம்தான், அதில் வாய்மொழி உயில் செல்லும் என்று வாதிடலாம். நல்ல வாதம். ஆனால் அதை வாதிட ஒரு நல்ல வக்கீல் வேண்டும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு குழந்தைகளோடு, பச்சைமலை அடிவாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண் அந்த வக்கீலை எங்கே தேடுவாள்? அந்த இரண்டு சாட்சிகள்? ஒருவர் ராஜஸ்தான்காரராக இருப்பார். இன்னொருவர் அடுத்த மாதம் வேறு எல்லைக்கு மாற்றலாகியிருப்பார்.

அதைவிட, கடைசி வார்த்தை சொல்ல அவகாசம் கிடைக்கும் என்று யார் சொன்னது? 2019 பிப்ரவரி 14, புல்வாமா. வெடிமருந்து ஏற்றிய ஒரு கார் சி.ஆர்.பி.எஃப். பஸ்மீது மோதியது. 40 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்தவர். பஸ்ஸில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தவர்கள். சட்டப்படி சி.ஆர்.பி.எஃப். ராணுவம் ஆகாது, உள்துறையின் கீழ் வருவது. 'சிப்பாய்' என்ற சொல் அவர்களைச் சேர்க்குமா என்பதே ஒரு தனி வழக்குக்கான கேள்வி. அன்றைக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. யாரும் எதுவும் சொல்ல நேரமில்லை.

இன்றைக்கு ஒரு சிப்பாய் வீட்டில் நிஜமான சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. நிலம் கொஞ்சம்தான். சாவுக்குப் பிறகு வருகிற பணம் அதிகம். அங்கே அம்மா ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். கார்கிலுக்குப் பிறகு நாடு பூராவும் இது நடந்தது. 2023 ஜூலையில் சியாச்சினில் ஒரு ராணுவ மருத்துவ அதிகாரி தீவிபத்தில் சகாக்களைக் காப்பாற்றப் போய் இறந்தார். 2024-ல் அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தார்கள். சில நாளில் அவருடைய பெற்றோர், 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' விதியை மாற்றுங்கள், கல்யாணமானதும் பெற்றோர் பெயர் பின்னால் போய்விடுகிறது என்று வெளிப்படையாகக் கோரினார்கள். டெலிவிஷனில் ஆளாளுக்குத் தீர்ப்பு வழங்கினார்கள். அந்த வீட்டுக்குள் யார் சரி என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சண்டை பிடிக்கிற எல்லோரும் எல்லாப் பணத்தையும் ஒரே பானையில் போட்டுப் பேசுகிறார்கள். அது தப்பு. பானைகள் வேறு வேறு.

பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். படையில் மகனை இழந்த ஒரு தந்தை, ஜோத் சிங், விசேஷக் குடும்ப பென்ஷனில் உரிமை கோரி உச்ச நீதிமன்றம்வரை போனார். 1980-ல் தீர்ப்பு வந்தது. இந்தப் பென்ஷன் செத்தவருடைய சொத்தே இல்லை என்றார்கள் நீதிபதிகள். அவர் உயிரோடு இருக்கும்போது அது அவர் கைக்கு வந்ததா? இல்லை. அவர் இறந்ததால், விதவை என்கிற நிலைமையால், அவளுக்கு நேராகப் பிறக்கிற உரிமை. தன்னிடம் இல்லாததை ஒருவர் எப்படி உயில் எழுதுவார்? 1991-ல் ஒரு ரயில்வே ஊழியர் தன் தம்பிக்கு எழுதிவைத்த வழக்கிலும் இதையே சொன்னார்கள். ஆக, பென்ஷனை அம்மாவுக்கு என்று முத்திரைத்தாளில் எழுதினாலும் மனைவிக்குத்தான் போகும். போரில் இறந்தவர் மனைவிக்கு அது கடைசிச் சம்பளத்துக்குச் சமமான தொகை. கல்யாணமாகாதவர் என்றால் பெற்றோருக்கு வரும்.

காப்பீடு வேறு பானை. அங்கே நாமினி. நாமினிதான் முதலாளி என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சர்பதி தேவி வழக்கு என்று ஒன்று, 1983 டிசம்பரில் தீர்ப்பு. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி மனைவி. பணம் முழுக்க எனக்கே என்றார் அவர். எதிர்ப் பக்கம் யார் தெரியுமா? இறந்தவரின் தாயும், இறந்தவரின் மகனும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டும்தான், பணம் வாரிசுகளுடையது என்று சொல்லி மூன்று பேருக்கும் பங்கு கொடுத்தது உச்ச நீதிமன்றம். 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, நாமினி பெற்றோராகவோ மனைவி மக்களாகவோ இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று மாற்றினார்கள். ராணுவத்துக்கு இது தவிரத் தனியாகக் குழுக் காப்பீட்டு நிதி இருக்கிறது, 1976-லிருந்து. அதில் இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்து எழுத வழியுண்டு. அம்மாவுக்கு ஏதாவது செய்ய நினைக்கிற சிப்பாய் அதை இங்கே செய்யலாம். பென்ஷனில் முடியாது.

இந்த இரண்டும் போக மிச்சமிருக்கிற வீடு, நிலம், பேங்க் டெபாசிட் இவற்றுக்குத்தான் உயில். உயில் இல்லாவிட்டால்? 1956 சட்டம். முதல் வகுப்பு வாரிசுகளில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. தகப்பன் அதில் இல்லை. ஆமாம், இல்லை! இரண்டாம் வகுப்பில்தான் தகப்பனார் வருகிறார். மகன் அனுப்பின பணத்தில் மண் சுமந்து வீடு கட்டினவர் அவராகவே இருந்தாலும், மகன் பெயரில் பத்திரம் இருந்தால் அந்த வீட்டில் அவருக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. பெரம்பலூர்ப் பக்கத்தில் நான் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் நம்பவே இல்லை. "என்னங்க தம்பி, பெத்தவனுக்கு இல்லாமலா?" என்றார். பெற்றவளுக்கு உண்டு, பெற்றவருக்கு இல்லை.

ராணுவத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. சேர்ந்த அன்றைக்கே குடும்ப விவரம் எழுதி வாங்குகிறார்கள். உயிலுக்குப் படிவம் இருக்கிறது. போர்முனையில் ஒருவர் இறந்தால் அவருடைய பெட்டி, துணிமணி, கையிருப்புப் பணம் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, மெஸ் பாக்கி மாதிரியான கடன்களைக் கழித்து, மிச்சத்தைச் சேர்ப்பிக்க 1950-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பத்தொன்பது வயதில் சேரும்போது நாமினி என்ற இடத்தில் எல்லோரும் அம்மா பெயரைத்தான் எழுதுகிறார்கள். சரிதானே, வேறு யார் இருக்கிறார்கள் அப்போது? இருபத்தாறில் கல்யாணம். கல்யாணத்தை யூனிட்டில் சொல்லி, 'பார்ட் டூ ஆர்டர்' போடவைத்து, பழைய நாமினேஷனை மாற்ற வேண்டும். லீவில் வந்தவர் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார். அடுத்த போஸ்டிங். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார். பிறகு ஒருநாள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு பெண், கல்யாணப் பத்திரிகையையும் ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு, தான்தான் மனைவி என்று நிரூபிக்க வந்து நிற்கிறாள். ரெகார்டில் அவள் பெயர் இல்லை. எகிப்தில் அந்தப் பெண்ணுக்காவது சில்வானஸ் மெழுகில் எழுதி வைத்திருந்தான்.

உயில் எழுதுவதில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, தெரியும். எல்லைக்குப் போகிற பிள்ளையிடம் உயில் பேச்சை எடுத்தால் எந்த அம்மாவும் "வாயைக் கழுவு" என்பாள். அதனால் அம்மாவிடம் சொல்லாமல் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவது இஷ்டம், கட்டாயமில்லை. பதிந்தால் தொலைந்துபோகாது என்பது லாபம். சாட்சிக்கு இரண்டு பேர், சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது உத்தமம். குழந்தை சின்னதென்றால் பதினெட்டு வயதுவரை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரி. தகப்பனாருக்கு அந்த வீட்டில் ஆயுசுக்கும் இருக்க உரிமை என்று இன்னொரு வரி. முழுவதும் எழுத அரைமணி நேரம் ஆகும். சிப்பாய்க்கு வருஷத்துக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பு.